கல்விக் கொடையாளர் கர்னல் ஆல்காட்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் மக்களின் கல்விக்காகக் கடல் கடந்து வந்து உழைத்த ஒருவரின் வாழ்க்கையை இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் அரசரும் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். பலரிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டி, அதனைப் பள்ளிக்கூடமாக மாற்றத் தெரிந்தவர். அவரே கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்.

அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரில் 1832ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் பிறந்தார். தந்தையின் வணிகம் நொடித்ததால் கல்லூரிப் படிப்பைப் பாதியிலேயே விட நேர்ந்தது. பணமின்மை ஒரு மாணவனை எங்கே நிறுத்திவிடும் என்பதை இளமையிலேயே பட்டறிந்தவர் அவர். பின்னர் வேளாண்மை அறிஞராகவும், வழக்கறிஞராகவும் விளங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைக்குப் பொருள் வழங்குவதில் நடந்த மோசடிகளை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். 1875இல் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலானோருடன் பிரம்மஞான சங்கத்தை நியூயார்க்கில் நிறுவினார். 1879இல் இந்தியா வந்தார். 1882இல் சென்னை அடையாறு சங்கத்தின் தலைமையிடமாயிற்று.

இலங்கையில் அவர் ஆற்றிய பணி இங்கே நினைக்கத்தக்கது. 1880இல் அங்குச் சென்று பௌத்தம் தழுவிய அவர், பௌத்தச் சிறுவர்க்குப் பள்ளிகள் மிகக் குறைவாக இருந்ததைக் கண்டார். மறு ஆண்டே மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று கல்வி நிதி திரட்டினார். சிற்றூர் மக்கள் தந்த சிறு காசுகள் நாளடைவில் பள்ளிகளாயின. அவர் மறைந்த காலத்தில் அப்பள்ளிகள் சுமார் இருநூறாகப் பெருகியிருந்தன.

தமிழகத்தில் அப்போது நம் மக்களின் நிலை என்ன? ஊர்ப் பள்ளிகளின் வாயில் பெரும்பாலும் நமக்கு அடைபட்டிருந்தது. செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை நம் மக்களின் அவலத்தை அரசுக்கு உணர்த்தியது. அதன் பின் 1893இல் பிறந்த அரசாணை, நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுக்குத் தனிச் சலுகைகளையும், ஆசிரியப் பயிற்சி பெறும் நம்மவர்க்கு உதவித் தொகையையும் வழங்க வழி செய்தது. எனினும் அக்கால மானிய முறையில் ஓர் இடர் உண்டு. ஆய்வாளர் வந்து தேர்வு நடத்தி, மாணவரின் தேர்ச்சிக்கு ஏற்பவே பள்ளிக்குப் பணம் தருவர். முதலில் கைப்பணம் செலவிட்டுப் பள்ளி நடத்த வல்லவர்க்கே பின்னர் மானியம் கிட்டும். அந்த முதற்பணம் நம்மிடம் ஏது?

அந்த இடைவெளியை ஆல்காட் நிரப்பினார். 1894இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பல நாட்டு அன்பர்களுக்கும் எழுதி நன்கொடை பெற்றார். 1902இல் நம் மக்களின் நிலையை விளக்கி ஆங்கிலத்தில் சிறுநூல் வெளியிட்டு உதவி வேண்டினார். அந்நன்கொடையும் அரசு மானியமும் சேர்ந்து பள்ளிகளைத் தாங்கின. சாரா பால்மர் என்னும் அமெரிக்கப் பெண்மணி மேற்பார்வை ஏற்று, சிறுவர் தம் கையால் செய்து கற்கும் முறையைப் புகுத்தினார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டை நாடி, அவருடைய துணையோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவியதும் நம் வரலாற்றில் பொறிக்கத்தக்கது.

1907ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அடையாற்றில் ஆல்காட் மறைந்தபோது அப்பள்ளிகள் ஐந்தாகியிருந்தன. ஊரூரில் தொடங்கிய பள்ளி பின்னர் ஆல்காட் நினைவுப் பள்ளி என வளர்ந்தது.

ஒரு குறையையும் நாம் மறைத்தல் தகாது. அவர் நடத்திய பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. எழுத்தும் எண்ணும் கைத்திறனும் போதும் என்று அவர் கருதினார். போதாது என்று மெய்ப்பித்தவர்கள் நம்மவர்களே. அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித் தொகை கொண்டு 1913இல் அமெரிக்காவிற்கே சென்று உயர்கல்வி கற்றார். பிறர் இட்ட அடித்தளத்தின்மேல் மாடி எழுப்புவது நம் கடன்.

நாம் ஆசிரியப் பணியேற்ற காலத்தில், இக்கரிசல் மண்ணில் மழை பொய்த்த ஆண்டுகளில், நோட்டு வாங்க வழியின்றிப் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டச் சென்றதைக் கண்டு வருந்தியிருக்கின்றோம். இன்று பாடநூலும் உணவும் அரசு தருகின்றது. ஆயினும் கல்லூரி விண்ணப்பத்திற்கும் பேருந்துக்கும் சில நூறு ரூபாய் இல்லாமல் படிப்பை விடும் பிள்ளை இன்றும் பசுவந்தனை வட்டாரத்தில் உண்டு. அப்பிள்ளையை முதலில் அறிபவர் வகுப்பாசிரியரே. அவர் கேட்ட அன்றே சிறு தொகை கிடைக்குமாறு நம் கழகம் ஒரு நிதி வைத்தல் வேண்டும். வேலையில் அமர்ந்த இளைஞர் ஒவ்வொருவரும் திங்கள்தோறும் சிறிது கொடுப்பாராக; கணக்கை ஆண்டுதோறும் பொதுக்குழுவில் படிப்போமாக. கடல் கடந்து வந்தவர் நமக்காகக் கையேந்தினார். நம் பிள்ளைகளுக்காக நாம் கொடுக்கத் தயங்கலாமா?