விலை உயர்ந்த முத்து எது?

ஆத்தூர் என்றதும் வெற்றிலை நினைவுக்கு வரும். தாமிரபரணித் தண்ணீரில் விளையும் வெற்றிலை அது. ஆத்தூரைத் தாண்டியதும் ஆறு கிழக்கே ஓடிக் கடலில் கலக்கிறது. கலக்கும் இடத்தில் உள்ள ஊர் புன்னைக்காயல்.

சுமார் 450 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கரையில் முத்துதான் செல்வம். பரதவர்கள் கல்லைக் காலில் மாட்டி, மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கினார்கள். அவர்கள் எடுத்த முத்தை வாங்க அயல்நாட்டு வியாபாரிகள் வந்து குவிந்தார்கள்.

அந்தக் கரைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். முத்து வாங்க வரவில்லை! அவர்தான் அண்டிரிக் அடிகளார்.

விலக்கிய சபை

1520-ம் ஆண்டு போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். துறவியாக ஆசைப்பட்டு ஒரு சபையில் சேர்ந்தார். அவருடைய முன்னோர் யூதர்கள். அதனால் அந்தச் சபையை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1545-ல் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு கோவா வந்தார். 1547-ல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார்.

புரியாத ஜெபம்

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். காரணம், முத்துக்குளிப்பில் எழுந்த தகராறு. போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைத் தேடினார்கள், மதமும் மாறினார்கள். 1542-ல் வந்த புனித சவேரியார், தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்.

முத்தைக் காக்க வந்த மதம், மனத்தில் வேர் பிடிக்க வேண்டாமா? அதற்கு மக்களின் மொழி வேண்டும் என்று அடிகளார் உணர்ந்தார்.

தமிழ் எளிதில் வசப்படவில்லை. உடல்நிலையும் சரியில்லை. ஆனாலும் விடாமல் படித்தார். மொழிபெயர்ப்பாளர் துணை இல்லாமலே பேசினார். தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். புன்னைக்காயலில் ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி அமைத்தார்.

1553-ல் எதிரிகள் ஊரைத் தாக்கினார்கள். அடிகளாரும் சிறைப்பட்டார். விடுதலையானதும் தாய்நாட்டுக்குக் கப்பல் ஏறவில்லை. பழைய வேலையைத் தொடர்ந்தார்.

அச்சேறிய தமிழ்

1578-ம் ஆண்டு அக்டோபர் 20-ந்தேதி. கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. 16 பக்கம்தான். ஆனால் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அதுவே! 1586-ல் 'அடியார் வரலாறு' என்ற பெரிய நூலும் வந்தது.

செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? பரதவ மக்கள்! உயிரைப் பணயம் வைத்து முத்தெடுத்தவர்கள், அந்தப் பணத்தைப் புத்தகத்துக்குக் கொடுத்தார்கள்.

நல்ல முத்தைத் தேடிய வியாபாரியின் கதையை இயேசு சொன்னார். விலை உயர்ந்த முத்து ஒன்றைக் கண்டதும், உள்ளதை எல்லாம் விற்று அதை வாங்கினான் அவன். முத்துக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவா வேண்டும்? அடிகளாரின் வாழ்வே அந்தக் கதைதான். நாடு, உறவு, சுகம் எல்லாவற்றையும் விட்டார். 53 ஆண்டுகள் இந்த மக்களோடு வாழ்ந்து, 1600-ம் ஆண்டு புன்னைக்காயலில் கண்ணை மூடினார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

1961-க்குப் பிறகு தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தக் காலத்து முத்துக்கள் எந்தப் பெட்டியில் உள்ளனவோ! 16 பக்கப் புத்தகம் மட்டும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நம் வீட்டுப் பெட்டியிலும் நகை இருக்கலாம். நாம் போன பிறகும் நிலைத்து நிற்கும் முத்து எது? அதை ஒவ்வொருவரும் தேடிப் பார்க்கத்தான் வேண்டும்.