சுல்தான் கான்: உலக சதுரங்கத்தை வியக்கவைத்த பஞ்சாபி முஸ்லிம்

பழைய மகாபலிபுரம் சாலையில் படூரைக் கடந்து, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகத் தெற்கே சென்றால் பூஞ்சேரி வரும். 2022ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டிகள் அங்கேதான் தொடங்கின. 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் நம் ஊர் வழியாகவே போய் வந்தார்கள். வேட்டி கட்டிய குதிரைச் சின்னமான 'தம்பி' சாலை நெடுகிலும் கைகூப்பி நின்றது. அன்றிலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் சதுரங்கப் பலகை வந்துவிட்டது.

பெற்றோர்கள் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா என்பது ஒன்று. பெரிய பயிற்சியாளரிடம் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை இதில் எப்படி முன்னேறுவது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை தேடும்போது ஒரு மனிதரின் வாழ்க்கை நம் நினைவுக்கு வருகிறது. அவர் மீர் சுல்தான் கான்.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாபில், மிட்டா டிவானா என்ற ஊரில் அவர் பிறந்தார். இன்று அது பாகிஸ்தானில் உள்ளது. தந்தை மியான் நிஜாமுத்தீன். ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். அவர் கற்றது நம் நாட்டுப் பழைய ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டாது. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றி வைத்துக் கோட்டை கட்டும் முறையும் கிடையாது. ஆட்டம் மெதுவாகத்தான் சூடு பிடிக்கும். அவசரப்படுகிறவர் தோற்பார், பொறுமையாகக் காய்களை ஒழுங்குபடுத்துகிறவர் வெல்வார். அந்தப் பொறுமை சிறு வயதிலேயே சுல்தான் கானின் இயல்பாகிவிட்டது. 21 வயதில் பஞ்சாபின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் பெற்றார்.

பெரும் நிலக்கிழாரும் பிரிட்டிஷ் அரசிடம் செல்வாக்குள்ளவருமான சர் உமர் ஹயாத் கான் டிவானா அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு, ஐரோப்பிய விதிகளைக் கற்க ஏற்பாடு செய்தார். 1928இல் நடந்த அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்று, ஒன்றைச் சமன் செய்து, ஒன்றிலும் தோற்காமல் முதலிடம் பெற்றார். 1929இல் சர் உமர் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே முதலில் கிடைத்தது தோல்விதான். அவருக்காக நடத்தப்பட்ட ஒரு பயிற்சிப் போட்டியில் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஐரோப்பியர்கள் பல தலைமுறைகளாக எழுதி வைத்த தொடக்க நகர்வுகள் எதுவும் அவருக்குத் தெரியாது.  ஆனால் அவர் மனம் சுருங்கி மூலையில் உட்காரவில்லை. அதே போட்டியில் தம்மை முந்திய வில்லியம் வின்டர், ஃபிரெடெரிக் யேட்ஸ் ஆகிய இருவரிடமே பயிற்சி எடுத்தார். சில மாதங்களில் ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் போட்டியில் பட்டம் வென்றார். தன்னைத் தோற்கடித்தவனிடமே போய்க் கற்றுக்கொள்ளும் பணிவு நம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், பாதிப் பயிற்சி அங்கேயே முடிந்துவிடும்.

1930 இறுதியில் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபபிளாங்காவைச் சந்தித்தார். 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்தவர் கபபிளாங்கா. அவரைத் தோற்கடிப்பது அரிதினும் அரிது. சுல்தான் கான் வெள்ளைக் காய்களுடன் 65 நகர்வுகள் ஆடி அவரை வென்றார். எதிராளிக்கு மூச்சுவிட இடம் தராமல் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கி வென்ற ஆட்டம் அது. பின்னாளில் கபபிளாங்காவே அவரை மேதை என்று மதித்து எழுதினார்.

1931இல் டார்டகோவருடன் நடந்த நேருக்கு நேர் தொடரை வென்றார். அதே ஆண்டு பிராக் ஒலிம்பியாடில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் ஆடினார். ஃபுளோர், ரூபின்ஸ்டைன் ஆகியோரை வென்றார். அப்போதைய உலகச் சாம்பியன் அலெகைனுடன் சமன் செய்தார். 17 ஆட்டங்களில் அவர் தோற்றது இரண்டில் மட்டுமே. 1932, 1933 ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் பட்டம் அவருக்கே கிடைத்தது. 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தை வென்றதும் சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்த ஃபாத்திமா என்ற முஸ்லிம் பெண்தான். பதினொரு ஆட்டங்களில் பத்தில் வெற்றி, ஒன்று சமன். நம் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பெயரையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இத்தனையும் எளிதாக நடக்கவில்லை. இங்கிலாந்தின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாவும் சளியும் தொண்டை நோயும் மாறி மாறி வாட்டின. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்து ஆடிய நாட்கள் உண்டு. ஆங்கில எழுத்தாளர்கள் பலர் அவரை எழுத்தறிவற்ற வேலைக்காரர் என்றே எழுதி வைத்தார்கள். அவருடைய குடும்பத்தார் இதை மறுக்கிறார்கள். மார்க்கப் பாரம்பரியமும் சொந்த நிலமும் உள்ள குடும்பம் தங்களுடையது என்கிறார்கள். நம்மவர்களின் வரலாற்றைப் பிறர் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அவருடைய ஆட்டத்திலிருந்து நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. அவருடைய பலம் நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் இருந்தது. இன்றோ நம் பிள்ளைகள் கைப்பேசியில் தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்கிறார்கள். பத்தாவது நகர்வுக்குப் பிறகு திகைத்து நிற்கிறார்கள். அரபி எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் சூராவை மட்டும் மனனம் செய்வது போன்றது அது. முதலில் காய்கள் குறைந்த நிலையைப் பழகட்டும். ராஜாவும் ஒரு சிப்பாயும் எதிரில் ஒரு ராஜாவும் மட்டும் இருக்கும்போது வெல்வது எப்படி, சமன் செய்வது எப்படி என்று வீட்டில் உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும். அதற்குப் பயிற்சிக் கட்டணம் தேவையில்லை.

தோற்ற ஆட்டத்தின் நகர்வுகளை நோட்டில் எழுதி வைக்கட்டும். எந்த இடத்தில் ஆட்டம் கைமாறியது என்று முதலில் தானே தேடட்டும். அதன் பிறகு கணினியைக் கேட்கட்டும். நகர்த்துவதற்கு முன், எதிராளியின் கடைசி நகர்வு எதை நோக்கியது என்று ஒவ்வொரு முறையும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். சுல்தான் கான் வென்றாலும் தோற்றாலும் முகத்தில் மாற்றம் காட்டமாட்டார் என்பார்கள். அந்த நிதானமும் பழகிப் பெற வேண்டியதே.

இனி முதல் கேள்விக்கு வருவோம். சதுரங்கம் நம் நாட்டிலிருந்து பாரசீகம் போய், அரபு நாடுகளில் ஷத்ரஞ்ச் என்ற பெயரில் வளர்ந்தது. பாக்தாதின் அப்பாஸிய அவையில் அஸ்ஸூலி போன்றவர்கள் அதைப் பற்றி நூல்களே எழுதினார்கள். ஆனால் மன்னர்களின் அவையில் ஆடப்பட்டது என்பதால் ஒன்று மார்க்கத்தில் ஆகுமானதாகிவிடாது. நம் கடற்கரை மக்களில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், பந்தயம் இல்லாமலும் தொழுகை தவறாமலும் தீய பேச்சு இல்லாமலும் ஆடினால் அது ஹராம் அல்ல, மக்ரூஹ் என்பதே பிரபலமான நிலைப்பாடு. ஹனஃபி அறிஞர்கள் இதைவிடக் கடுமையாகவே தடுத்திருக்கிறார்கள். பணம் வைத்து ஆடினாலோ, அதன் காரணமாகத் தொழுகை வீணானாலோ கூடாது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. எனவே அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். அஸர் பாங்கு சொல்லும்போது பலகையை மடித்து வைக்க முடியாத பிள்ளைக்கு, எந்த மத்ஹபிலும் நாம் சலுகை தேட முடியாது.

சுல்தான் கானின் பிற்கால வாழ்வும் இதையே நினைக்க வைக்கிறது. 1933 இறுதியில் சர் உமருடன் தாயகம் திரும்பினார். 1935இல் காடில்கர் என்பவருடன் பத்து ஆட்டங்கள் ஆடி ஒன்பதில் வென்றார், ஒன்று சமன். அதன் பின் பெரிய போட்டிகளில் அவரை உலகம் காணவில்லை. ஐரோப்பாவில் அவர் ஆடிய காலம் ஐந்து ஆண்டுகள்கூட இல்லை. சொந்த மண்ணில் விவசாயம் பார்த்து, பிள்ளைகளை வளர்த்தார். அவர்களுக்குச் சதுரங்கம் கற்றுத்தர மறுத்தார் என்றும், வாழ்க்கையில் இதைவிடப் பயனுள்ளதைச் செய்யச் சொன்னார் என்றும் கூறப்படுகிறது. 1966 ஏப்ரல் 25 அன்று சர்கோதாவில் வஃபாத்தானார். 2024 பிப்ரவரியில், 58 ஆண்டுகள் கழித்து, உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. அவர் அதைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

உலகின் முதல் வரிசை வீரர்களை வென்ற ஒருவர், தம் பிள்ளைகளுக்கு வேறு பாதையைக் காட்டினார் என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும். ஆட்டம் பிள்ளையின் புத்தியைக் கூர்மையாக்கலாம், பொறுமையைக் கற்றுத் தரலாம். ஆனால் அது மதரஸாவின் நேரத்தையும் பள்ளிப் பாடத்தையும் பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணிவிடையையும் தின்றுவிடக் கூடாது. இந்த அளவை வீட்டிலேயே வரைந்து கொடுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அறிவையும், அறிவை எங்கே செலவிடுவது என்ற தெளிவையும் சேர்த்துத் தருவானாக. ஆமீன்.