வளைவுக்கு வாத்தியார் எஸ். கரிவரதன்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

ஆண்டு மலருக்குத் தலைவர்கள் வரலாறு எழுத நம் யூனியனில் ஆள் நிறைய உண்டு. நான் கார் கட்டிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நம் சேலம், நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிறவர்களைத் தெரியும், ரிக் வண்டி கட்டுகிறவர்களைத் தெரியும். ரேஸ் கார் கட்டியவரைத் தெரியுமா?

கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954-ல் பிறந்தவர் எஸ். கரிவரதன். பந்தயக்காரர்களுக்கு வெறும் ‘கரி’. மில்லைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் மனசு கார் பந்தயத்தில்தான் நின்றது. அந்த நாளில் பந்தயம் என்றால் சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரம். அது உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். ராஜ வம்சத்தாரும் தொழிலதிபர்களும் சீமையிலிருந்து இறக்கிய கார்களில் பறப்பார்கள். கரிவரதனும் அங்கே ஓட்டியவர்தான். சுருக்கமாகச் சொன்னால், பணம் உள்ளவன் காரை வாங்குவான், மற்றவன் வெயிலில் நின்று வேடிக்கை பார்ப்பான்.

இந்த நிலையை அசைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். 1988-ல் ஃபார்முலா மாருதி என்ற கார் வந்தது. இரும்புக் குழாய்களை வெல்டு செய்த சட்டம், ஒற்றை சீட், மூடாத சக்கரங்கள். இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால். அதுவும் என்ன இன்ஜின்? நம் ஊர் டாக்டர் வீட்டு வாசலில் நிற்குமே, அதே மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்! ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும். கரி என்றால் யானை என்று தமிழய்யா சொல்லியிருப்பார். இந்த யானை செய்தது எறும்பு மாதிரி ஒரு கார்.

இவ்வளவு சின்ன இன்ஜினில் என்ன பந்தயம் என்று சிரிக்கிறீர்களா? விஷயமே அங்கேதான் இருக்கிறது. பெரிய இன்ஜின் உள்ளவன் வளைவில் தப்புப் பண்ணினாலும் நேர் ரோட்டில் அமுக்கிச் சரிக்கட்டிவிடுவான். ரோட்டு காரில் 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாத இன்ஜினில் அது நடக்காது. வளைவில் போன வேகம் போனதுதான். எல்லோருக்கும் ஒரே இன்ஜின் வேறு. அதனால் யார் வளைவைச் சரியாக எடுக்கிறானோ அவன்தான் முன்னால் போவான்.

அப்ளைடு மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வளைவில் போகக்கூடிய உச்ச வேகம். உராய்வு 0.8, ஆரம் 25 மீட்டர் என்றால் மணிக்கு சுமார் 50 கி.மீ. ஆரத்தை 50 மீட்டர் ஆக்கினால் 71 கி.மீ.! பாதை அதேதான், ஆனால் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போனால் ஆரம் பெரிதாகிவிடும். இதைத்தான் ‘லைன்’ என்கிறார்கள்.

அடுத்தது ஆக்ஸிலேட்டர். பிரேக்கை வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போதே முடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனபிறகு பயந்துபோய் காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்பக்கம் சாயும், பின் டயர் பிடி இழக்கும், வால் வெளியே வீசும். கால் சீராக நிற்கணும். ஸ்டியரிங் நேராக நேராகக் கொஞ்சம் கொஞ்சமாக மிதிக்கணும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வந்தது. நாலாவதோடு பள்ளியை விட்டவர், லாரி ஓட்டுகிறார். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுவார். வளைவுக்குள் பிரேக் மிதிக்கிற டிரைவரைக் கண்டால் அவருக்கு ஆகாது. சூத்திரம் தெரியாது, ஆனால் கணக்கு சரியாக இருக்கிறது பாருங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வெளி ஓரம், உள் ஓரம் எல்லாம் டிராக்குக்குத்தான். ரோட்டில் எதிரே பஸ் வரும்!

அப்பாவுக்கு ரேஸ் என்றால் காசு கொழுத்தவன் வேலை. முழுக்கத் தப்பு என்று என்னால் வாதாட முடியவில்லை. ஃபார்முலா மாருதியும் இலவசமில்லை, டயர், என்ட்ரி ஃபீஸ் எல்லாம் உண்டு. ஆனாலும் கதவு கொஞ்சம் திறந்தது. நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் இந்தக் காரில்தான் தொடங்கினார். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார், அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவது இடம். அன்று டயர் தகராறில் 6 கார்தான் ஓடியது என்பது வேறு கதை. 2010-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன கருண் சந்தோக்கும் 2000-ல் ஃபார்முலா மாருதி சாம்பியன்.

இதையெல்லாம் பார்க்க கரிவரதன் இல்லை. 1995 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துவிட்டார். வயது 41. கோவை செட்டிபாளையத்தில் பி. விஜயகுமார் என்ற பந்தய வீரர் அமைத்து, 2003-ல் திறக்கப்பட்ட டிராக்குக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே என்று இவர் பெயர்தான்.

அந்தக் காரின் சட்டத்துக்குக் குழாய் வளைத்தது, வெல்டு வைத்தது, சஸ்பென்ஷன் அளவு பார்த்தது எல்லாம் நம் ஒர்க்‌ஷாப்பில் நாம் கற்கிற அதே வேலைதான். எனக்கு ஸ்டியரிங்கைவிட அந்தப் பக்கம்தான் ஆசை. அடுத்த பந்தயத்துக்கு செட்டிபாளையம் போகலாம் என்று நாங்கள் நாலு பேர் பேசி வைத்திருக்கிறோம். சேலத்திலிருந்து சங்ககிரி, பவானி வழியாக கோவை பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அப்பாவையும் கூப்பிட்டிருக்கிறேன், லோடு இல்லாவிட்டால் வருகிறேன் என்றிருக்கிறார். வருகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.