எட்வர்ட் லூக்கா – 39 இலக்கப் பகா எண்ணைக் கண்ட ஆசிரியர்

தன்னாலும் 1-ஆலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண் பகா எண் என்பதை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். 31 பகா எண் என்று உடனே சொல்லிவிடலாம். 39 இலக்க எண்ணாக இருந்தால்? கணிப்பொறி இல்லாத காலத்தில் அதைச் சாதித்தவர் பிரான்ஸ் நாட்டின் எட்வர்ட் லூக்கா.

1842-ல் அமியான் நகரில் பிறந்த இவர், பாரிஸ் வானாய்வுக் கூடத்தில் சில காலம் பணியாற்றினார். 1870-ல் பிரஷ்யாவுடன் மூண்ட போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தார். பின்னர் கடைசி வரை உயர்நிலைப் பள்ளிகளில் கணித ஆசிரியராகவே இருந்தார்.

2-ஐ 127 தடவை எழுதிப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வருவது 170141183460469231731687303715884105727. இதைச் சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. லூக்கா வகுக்கும் வழியையே விட்டுவிட்டு வேறொரு சோதனையை வகுத்தார். அதைக் கொண்டு 1876-ல் இது பகா எண் என்று நிறுவினார். 75 ஆண்டுகள், 1951 வரை, தெரிந்த பகா எண்களில் இதுவே பெரியது.

அமெரிக்கரான லேமர் 1930-ல் இச்சோதனையை எளிதாக்கினார். 4-ல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்யுங்கள். 31 என்பது ஐந்து 2-களின் பெருக்கலில் 1 குறைவு. ஐந்தில் இரண்டு போக, மூன்று சுற்று. 14, 8, 0 என்று மீதி வரும். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண்.

நம்மவர் அறிந்த ஹனாய் கோபுரப் புதிரும் இவருடையதே. 1883-ல் புனைபெயரில் வெளியிட்டார். காசிக் கோயிலில் 64 பொன் தட்டுகளை அந்தணர்கள் இடைவிடாமல் மாற்றி வைப்பதாக அதனுடன் ஒரு கதையும் வந்தது. கதை கற்பனை, கணக்கு உண்மை. 64 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்த அத்தனை நகர்த்தல்கள் வேண்டும். நொடிக்கு ஒன்று என்றாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

1891-ல் ஒரு விருந்தில் பணியாளர் கை தவறிப் போட்ட பீங்கான் தட்டின் சில்லு கன்னத்தில் பட்டது. காயத்தில் நச்சு ஏறிச் சில நாட்களில் லூக்கா காலமானார். வயது 49.

2024 அக்டோபரில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட பகா எண் அறிவிக்கப்பட்டது. அதை உறுதி செய்ததும் லூக்கா–லேமர் சோதனையே.

அங்கத்தினர்கள் தங்கள் பேரக் குழந்தைகளிடம் 127-ஐக் கொடுத்துப் பார்க்கலாம். ஏழு 2-களின் பெருக்கலில் அது 1 குறைவு. எனவே ஐந்தே சுற்றுகள். 14, 67, 42, 111, பிறகு பூஜ்யம். காகிதமும் பென்சிலும் போதும்.