வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடர்



நம்ம ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் யாருக்காவது பெரிய வியாதின்னா, வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொல்வாங்க. அந்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உண்டாக்கினது ஒரு பெண். மலருக்கு எழுதச் சொன்னதும் அந்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாதான் என் நினைவுக்கு வந்தார்.

ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தாவும் அப்பாவும் டாக்டர்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு 1890-ல் திண்டிவனம் வந்தார். இங்கேயே தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

ஒருநாள் ராத்திரி மூன்று ஆண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து கதவைத் தட்டினாங்க. மூன்று பேர் வீட்டிலும் மனைவி பிரசவம் ஆகாமல் உயிருக்குப் போராடிக்கிட்டு இருந்தாள். ஐடா அப்போ டாக்டருக்குப் படிக்கலை. அப்பாவை அனுப்புறேன்னு சொன்னார். ஆம்பளை டாக்டர் எங்க வீட்டுப் பொண்ணைத் தொடக்கூடாதுன்னு மூன்று பேரும் திரும்பிப் போயிட்டாங்க. விடியறதுக்குள்ள மூன்று பெண்களும் இறந்துபோனாங்க.

அந்த ராத்திரிதான் ஐடாவை மாற்றியது. அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் படிப்பை முடித்தார். 1900-ல் திரும்பி வந்து, வேலூரில் வீட்டிலேயே ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி வந்தது. வாரா வாரம் குடியாத்தம் ரோட்டில் போய், மரத்தடியில் வண்டியை நிறுத்தி கிராமத்து ஜனங்களுக்கு மருந்து கொடுத்தார்.

ஒரு டாக்டர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? அதனால் 1909-ல் நர்சு பள்ளி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மட்டுமே மருத்துவப் பள்ளி தொடங்கினார். கல்யாணம் செய்துக்கலை. 1960-ல் கொடைக்கானலில் காலமானார்.

இந்தக் கதையை நான் எழுதக் காரணம் இருக்கு. அன்னைக்கு ஆம்பளை டாக்டர் தொடக்கூடாதுங்கிற கட்டுப்பாடு மூன்று உயிரைக் கொண்டுபோச்சு. இன்னைக்கு பிரசவத்துக்கு 108 வருது, நர்சம்மா வீடு தேடி வர்றாங்க. ஆனால் கரு வேண்டாம்னு ஆயிட்டா மட்டும் நாம வாயைத் திறக்கிறதில்லை. அந்தக் காலத்தில் எருக்கங்குச்சி வைத்து எத்தனையோ பெண்கள் செத்தாங்க. இப்போ மெடிக்கலில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கிப் போடுறாங்க. எங்க பக்கத்தில் கம்பெனி வேலைக்குப் போற ஒரு பொண்ணு அப்படிப் போட்டு, மூன்று நாள் ரத்தம் போயும் வெக்கப்பட்டு யார்கிட்டேயும் சொல்லலை. கடைசியில் ரத்தம் ஏற்றித்தான் பிழைச்சாள்.

சகோதரிகளே, சட்டம் நமக்கு வழி விட்டிருக்கு. 1971-லேயே கருக்கலைப்புச் சட்டம் வந்துடுச்சு. சட்டம் சொல்ற காரணம் இருந்தால் 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் முடிவு செய்து செய்யலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு, பலாத்காரத்துக்கு ஆளானவங்க மாதிரி சிலருக்கு 24 வாரம் வரை உண்டு. அதுக்கு இரண்டு டாக்டர் பார்க்கணும். 18 வயசு முடிஞ்ச பெண்ணுக்கு புருஷன் கையெழுத்து தேவையில்லை, அவள் சம்மதம் போதும். பேரை ரகசியமா வைக்கணும்னும் சட்டம் சொல்லுது. ஆனால் ஆணா பெண்ணான்னு ஸ்கேன் பார்த்துக் கலைக்கிறது குற்றம்.

நேபாளத்தில் பயிற்சி பெற்ற நர்சுங்களே ஆரம்ப நாட்களில் இந்தச் சிகிச்சை கொடுக்கிறாங்க. நம்ம நாட்டில் இதற்கான பயிற்சி பெற்ற டாக்டர்தான் செய்யலாம். ஆனால் நாள் தள்ளினதும் நாம முதலில் சொல்லக்கூடிய ஆள் நம்ம ஊர் நர்சம்மாதான். எங்கே போகணும், எப்போ போகணும்னு அவங்க வழி காட்டுவாங்க.

சங்கக் கூட்டத்தில் கடன், வட்டி, சேமிப்பு பேசுற மாதிரி இதையும் பேசுவோம். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குத் துணை தேவைன்னா, கூட ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போவோம்.