ஸர் ஆர்ச்சிபால்டு காராட்

நாமக்கல்லைச் சூழ்ந்த சிற்றூர்களில், நலமாயிருந்த ஒருவர் திடீரென மாண்டால், எவரோ மருந்து வைத்துவிட்டனர் என்னும் ஐயம் எழுவதை நாம் கேட்டிருக்கின்றோம். அவ்வையம் ஊர்ப்பேச்சளவில் நில்லாது நீதிமன்றம் புகுமாயின், குற்றமற்றாரும் தண்டனை எய்துதல் கூடும். அத்தகையோர்க்குத் துணையாகும் உண்மையொன்றை உலகிற்கு உணர்த்திய மருத்துவப் பேரறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஆர்ச்சிபால்டு காராட் 1857-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் லண்டன் மாநகரில் தோன்றினார். தந்தையார் ஸர் ஆல்பிரெடு காராட், ஒருவகைக் கீல்வாதம் உற்றாரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருத்தலைக் கண்டுரைத்தவர். மைந்தரும் ஆக்ஸ்போர்டிலும், லண்டன் ஸெயின்ட் பார்தலோமியூ மருத்துவசாலையிலும் பயின்று தந்தையார் வழியே மருத்துவராயினார்.

அந்நாளில் அல்காப்டன் நோய் எனப்படும் அரிய குறையொன்று மருத்துவர்களை மயக்கிற்று. அக்குறையுடையார் சிறுநீர் காற்றுப்படக் கருநிறம் எய்தும். குடலில் வாழும் கிருமிகளே இதற்குக் காரணம் எனப் பலரும் கருதினர். காராட் பார்த்துவந்த சிறுவன் ஒருவனுக்கு இக்குறை இருந்தது. அவனுடைய தாய் 1901-இல் மற்றொரு மகவை ஈன்றபோது, அதன் துணிகளை இடைவிடாது நோக்கிவருமாறு காராட் பணித்தார். மூன்றாம் நாளிலேயே கறை தோன்றிற்று. இது பிறவியிலேயே அமைந்தது என்பது தெளிவாயிற்று. அப்பெற்றோர் உடன்பிறந்தார் இருவரின் மக்கள் என்பதையும் அவர் குறித்துக்கொண்டார். பேட்ஸன் என்னும் அறிஞர் மெண்டலின் பரம்பரை விதியைக் கொண்டு இதனை விளக்கினார்: பெற்றோர் இருவரிடத்தும் மறைந்துகிடக்கும் குறை, மகவினிடத்து ஒன்றுகூடி வெளிப்படும். அத்தை மகளையும் மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுடைய நம் நாட்டார்க்கு இது சிந்திக்கத்தக்கதன்றோ?

1902-இல் வெளியிட்ட கட்டுரையில் காராட் இன்னும் ஒரு படி மேற்சென்றார். முகங்கள் வேறுபடுமாறு போல, மாந்தர் உடலின் இரசாயனமும் ஆளுக்காள் வேறுபடும் என்றும், ஒரே மருந்து சிலரை மட்டும் வருத்துதலும் இவ்வகையைச் சார்ந்ததே என்றும் குறிப்பிட்டார். இக்கொள்கையை 1908-இல் சொற்பொழிவுகளாகவும் 1909-இல் நூலாகவும் விரித்துரைத்தார். எனினும் அக்கால மருத்துவ உலகம் இதனைப் பெரிதாகப் போற்றவில்லை.

முதல் உலகப்போர் அவர் இல்லத்தை இருளாக்கிற்று. புதல்வர் மூவருள் இருவர் போரில் மடிந்தனர். போர் ஓய்ந்தபின் மூன்றாமவரும் விஷக்காய்ச்சலால் மாண்டார். அத்துயரத்தைத் தாங்கியவாறே 1920-இல் ஆக்ஸ்போர்டின் மருத்துவப் பேராசிரியப் பதவியேற்று 1927 வரை பணிபுரிந்தார். 1936 மார்ச்சு 28-இல் கேம்பிரிட்ஜில் உயிர்நீத்தார். எஞ்சிய மகளார் டாரதி 1939-இல் கேம்பிரிட்ஜின் முதற் பெண் பேராசிரியரானார்.

அவர் விதைத்த வித்து பின்னரே முளைத்தது. 1959-இல் போகெல் என்பார் மருந்து மரபியல் என்னும் பொருள்படும் பெயரை இத்துறைக்கு இட்டார். 1989-இல் அமெரிக்காவின் மிஸௌரி நாட்டில் ஒரு குழந்தை இறந்தது. நஞ்சூட்டினாள் என்று தாய்மேல் குற்றஞ்சாட்டப்பட்டு, 1991-இல் அவள் தண்டிக்கப்பட்டாள். சிறையிலிருந்தபோது அவள் ஈன்ற மற்றொரு மகவுக்குப் பிறவி இரசாயனக் குறை இருத்தல் கண்டறியப்பட்டது. முதற் குழந்தையின் இரத்தத்தை மீண்டும் ஆராய, நஞ்சென்று கருதப்பட்டது அக்குறையால் உடலிலேயே விளைந்த அமிலம் என்று தெரிந்தது. அவ்வாண்டிலேயே அவள் விடுதலையுற்றாள். அந்நாட்டிலேயே ஒன்பது வயதுச் சிறுவனொருவன் இறந்தபின், அவனுடலில் புளூவாக்ஸெடின் மருந்து மிகுந்திருக்கவே, வளர்ப்புப் பெற்றோர் ஐயுறப்பட்டனர். அம்மருந்தைச் சிதைக்கும் ஆற்றல் அவனுக்குப் பிறவியிலேயே குறைந்திருந்ததென 2000-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

நம் தமிழகமும் இதற்குப் புறம்பன்று. அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தத் தரும் ஸக்ஸமெதோனியம் சில நிமிடங்களில் நீங்கும் இயல்பினது. அதனைச் சிதைக்கும் நொதி குறைந்தார்க்கோ பல மணி நேரம் மூச்சே எழாது. கருவிகொண்டு மூச்சளித்தாலன்றி உயிர் தங்காது. இக்குறைக்குக் காரணமான மரபணு மாற்றமொன்றை வைசிய சமூகத்தாரிடம் கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட குழுவினர் கண்டு, 2006-இல் வெளியிட்டனர். காராட் ஆராய்ந்த அதே அல்காப்டன் நோய் தமிழகத்து நரிக்குறவரிடையே காணப்படுதலும் 2014-இல் வெளியாயிற்று. இக்குறைகள் எவர்க்கும் இழிவல்ல. முன்னரே அறிந்தால் காப்பாகும்.

எனினும் மரபணுச் சோதனை ஒன்றே தீர்ப்பாகாது. உண்ட மருந்தின் அளவு, உடன் உண்ட பிற மருந்துகள், இறந்தபின் இரத்தத்தில் நேரும் மாறுதல் ஆகிய யாவற்றையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். 2023-ஆம் ஆண்டுப் பாரதிய சாட்சியச் சட்டம் வல்லுநர் கருத்தை ஏற்கின்றது. ஆயினும் அதனை எடைபோடும் பொறுப்பு நீதிபதியினுடையதே.

ஒரு மகவின் துணியிற் படிந்த கறையை அற்பமென்று தள்ளாத பொறுமையன்றோ, பின்னாளில் ஒரு தாயின் சிறைக்கதவைத் திறந்தது! நம் கல்லூரியினின்று மருத்துவத்திற்கும் சட்டத்திற்கும் செல்லவிருக்கும் மாணவ நண்பர்கள், விதிக்கு அடங்காத ஒருவரைக் காணுங்கால் விரைந்து பழிசாற்றாது நின்று நோக்குவாராக. அதுவே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.