மதிலுக்கு அப்பால் பார்த்த பொதுநிலையினர்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை



தாம்பரத்தில் ரயில் ஏறிக் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் போகும்போது மயிலாடுதுறையைக் கடக்கிறோம். மாயூரம் எனப்பட்ட அவ்வூரில் வாழ்ந்த வேதநாயகம் பிள்ளை, 1879-இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதியவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவர் உங்களைப்போல் இல்லறத்தில் வாழ்ந்த கத்தோலிக்கர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

1826-இல் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உழைத்து, பின்னர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக இருந்தார். தேவமாதாவின்மேல் அந்தாதி பாடிய பக்தர் அவர். ஆனால் அப்பக்தி கோயில் வாசலோடு நின்றுவிடவில்லை.

நியாயம் தேடி வரும் ஏழைக்குச் சட்டம் புரியாத மொழியில் இருப்பதைக் கண்டார். 1862-இல் மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி நூலாகத் தந்தார். பெண்கள் கல்வியின்றி ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டார். 1869-இல் பெண்மதி மாலை எழுதிப் பெண்கல்விக்காக வாதாடினார்.

பிறகு தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். அப்போது அவர் பதவியிலிருந்து விலகியிருந்தார். சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று இருந்திருக்கலாம். அவரோ தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். அவரும் 1878-இல், எச்சமயத்தாரும் பாடக்கூடிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். 1889-இல் மாயூரத்தில் காலமானார்.

உலகின் நடுவே உழைப்பதே பொதுநிலையினரின் அழைப்பு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இவர் அதை வாழ்ந்து காட்டிவிட்டார்.

இதை எழுதுகையில் நம் மனம் உறுத்துகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, உதவி கேட்டு வந்தவர்களிடம் நாம் முதலில் கேட்டது, எந்தப் பங்கு என்பதே. சோற்றுப் பொட்டலம் பிறகுதான் வந்தது.

யூபிலி ஆண்டில் கோபுரத்துக்கு வர்ணம் பூசியிருக்கிறோம், நல்லது. நம் மதிலுக்கு வெளியே பசித்திருப்பவர் யார், படிப்பை நிறுத்திய பிள்ளை யார் என்று ஒவ்வொரு அன்பியமும் இவ்வாண்டு விசாரித்து அறியட்டும். அதற்கான கண்களை ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக.